புது மாப்பிள்ளைக்கு ஒரு கெட்டிப் புத்தகம்

கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கென்று ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். முடியாதவர்கள் இருக்கிற வீட்டில் பாதியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதுவும் முடியாதவர்கள் ஓர் அறையையாவது வெள்ளையடித்துக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், "ஓ, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்ற மகளைக் கண்ணீரும் கம்பலையுமாக வண்டியேற்றி அனுப்புகிற கொடுமை எங்களுக்கு இல்லை. இங்கே அழவேண்டியவர் மாப்பிள்ளை. ஆம்பிளை அழக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்துவிட்டதால் அவரும் அழமாட்டார். அதற்குப் பதிலாக "போதும்", "வேணாம்", "பரவாயில்ல" என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காலத்தை ஓட்டிவிடுவார்.

எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் வீட்டுக்காரர் அப்படி ஓட்டியவர். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு லீவு வந்து போனார். வரும்போதெல்லாம் அவருக்குப் புதுத் துண்டு, புதுத் தட்டு, புதுப் போர்வை. புதுசாகக் கொடுத்துக் கொடுத்தே அவரை நாங்கள் விருந்தாளியாக வைத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. வேலையை விட்டு வந்து, தலை நரைத்து, இதே வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகும் நகவெட்டி எங்கே இருக்கிறது என்று என்னைத்தான் கேட்கிறார். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் சுற்றுமுற்றும் பார்ப்பார். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எனக்குச் சிரிப்பு வராது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நான் ஒரு விருந்தாளியோடு பாதி ஆயுளைக் கழித்தவள்.

மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளைக்கும் வளைகுடாவில்தான் வேலை. ஒரு கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். தங்கமான பிள்ளை. அந்தத் தங்கம்தான் எனக்குச் சிக்கலாகிவிட்டது. தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கமாட்டார். மின்விசிறி நின்றுபோனால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை சால்னாவில் நான் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா, கடல் தண்ணிய மொண்டு ஊத்திட்டீங்களா?" என்று தட்டைத் தள்ளினான். மாப்பிள்ளை ஒரு சொல் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று மகள் கேட்டதற்கு, "போதும், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அன்று எனக்கு மகன்மேல் கோபம் வரவில்லை, மாப்பிள்ளைமேல்தான் வந்தது.

லீவு முடிந்து விமானம் ஏறுவதற்குள் இந்தப் பிள்ளை இந்த வீட்டில் ஒரு குறையாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என் மகளும் என்னைப்போல ஒரு விருந்தாளிக்குத்தான் காலமெல்லாம் பாய் விரிக்கவேண்டும். அப்போது எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான். தொழுகைக்குப் பிறகு கையேந்தினால் அதைத்தான் கேட்டேன்.

நிலைமை இப்படி இருக்கையில்தான் என் லாத்தா மாப்பிள்ளையுடைய புத்தகத்தைக் கடலில் இறக்கிவிட்டாள் என்பது தெரியவந்தது.

லாத்தா என் மூத்த சகோதரி, அடுத்த வீட்டுக்காரி. மாப்பிள்ளைக்கு அறை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவளுடையது. யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். கட்டில், மெத்தை, பீரோ, சுவர்க் கடிகாரம், சீப்பு வரைக்கும் எல்லாம் புதுசாக இருக்கவேண்டும், பழசு ஒன்றுகூட அந்த அறைக்குள் நுழையக்கூடாது என்பது அவள் சட்டம். நிக்காஹுக்கு முந்திய நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய பெட்டி வந்தது. துணிமணிகளை எடுத்து பீரோவில் அடுக்கும்போது அடியில் ஒரு பொட்டலம் இருந்திருக்கிறது. வெள்ளைத் துணியில் சுற்றி, நான்கு மூலையும் சேர்த்துக் கட்டி, அத்தர் வாசனையோடு. துணிக்கு மேலாகத் தடவிப் பார்த்திருக்கிறாள். தடித்த புத்தகம், ஏடுகளெல்லாம் பிரிந்து கிடப்பது விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீடுகளில் வெள்ளைத் துணியில் கட்டி வைக்கிற கிழிந்த புத்தகம் என்றால் அது குர்ஆன், இல்லாவிட்டால் மார்க்க நூலான கித்தாபு. பாடல் புத்தகத்தையோ பஞ்சாங்கத்தையோ யாரும் அப்படிக் கட்டி வைப்பதில்லை. அப்படிப்பட்டதை, தொழுகைக்குப்போலக் கைகால் முகம் கழுவி ஒளு செய்யாமல் தொட்டுப் பிரிக்கக்கூடாது. லாத்தா அப்போது ஒட்டடையும் தூசியுமாக நின்றுகொண்டிருந்தாள், ஒளு இல்லை. அதனால் பிரிக்கவில்லை. "எம்புட்டுப் பேணுதலான புள்ள!" என்று மாப்பிள்ளையை மனதுக்குள் மெச்சிக்கொண்டு பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். கிழிந்துபோன வேத ஏடுகளைக் குப்பையில் போடமாட்டோம், காலில் படவும் விடமாட்டோம். பள்ளிவாசலில் சேர்த்து வைத்திருந்து, வள்ளத்தில் கொண்டுபோய்க் கல்லைக் கட்டி ஆழமான இடத்தில் இறக்குவார்கள். மாப்பிள்ளையும் அதற்காகத்தான் கொண்டுவந்திருக்கிறார், கல்யாண அவசரத்தில் மறந்துவிட்டார் என்று லாத்தா முடிவு கட்டினாள். அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று, அன்று பள்ளிவாசலிலிருந்து ஏட்டுச் சாக்கு கிளம்பும் நேரமாகப் பார்த்து அதையும் கொடுத்தனுப்பிவிட்டாள். பாம்பன் பக்கம் போகிற வள்ளம். அல்லாஹ் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் கொடுத்தாளாம், அதைப் பின்னால் பலமுறை சொன்னாள்.

இது எதுவும் தெரியாத மாப்பிள்ளை கல்யாணம் முடிந்து பல நாள் பீரோவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மகள் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார். அவளும் என் மகள் அல்லவா, விடவில்லை. துருவித் துருவிக் கேட்டபோது, ஒரு புத்தகம், வெள்ளைத் துணியில் கட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார். மகள் கூடத்துக்கு வந்து கேட்டபோது லாத்தா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கித்தாபையா தேடுறாக?" என்றாள். "அத அன்னைக்கே கடலுக்கு அனுப்பிட்டேனே."

"அது கித்தாபு இல்ல பெரியம்மா. கதப் புத்தகம்."

லாத்தாவின் மடியிலிருந்து பூண்டு உருண்டு ஓடியது. "யா அல்லாஹ்! கதப் புத்தகத்துக்கு யாருடி அத்தர் பூசுவா?"

பக்கமெல்லாம் கழன்றுவிட்டதால் சிந்தாமல் இருக்கத் துணியில் கட்டியிருக்கிறார். பெட்டியில் அத்தர் பாட்டில் கசிந்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். மாப்பிள்ளை கதவருகே வந்து நின்றார். லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்ததும் அவர் பதறிப்போய்ச் சொன்னது என்ன தெரியுமா? "பரவாயில்ல."

சொந்த வீட்டில் இது நடந்திருந்தால் அவர் கத்தியிருப்பார், அவர் உம்மாவோடு மல்லுக்கு நின்றிருப்பார். இங்கே அதையும் உப்புக் கூடிய சால்னாவைப்போல விழுங்கிவிட்டார். இந்தப் பிள்ளை ஒரு தடவையாவது நம்மைத் திட்டவேண்டுமென்று நீயும் கையேந்திக் கேள் என்று லாத்தாவிடம் சொல்லிவைத்தேன்.

அது என்ன புத்தகம் என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டிலிருந்து எப்போதோ தமிழுக்கு வந்த பழைய மாயக்கதை. ஓர் ஊரில் ஒருநாள் விடிந்து பார்த்தால் கடலைக் காணோமாம். எழுந்து எங்கேயோ போய்விட்டதாம். அதைத் தேடிக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணும் வாய் ஓயாமல் பேசும் ஒரு கிழட்டுக் கழுதையும் புறப்படுகிறார்கள். எங்கள் பக்கத்தில் கடல் ஊருக்குள் வந்த கதையைத்தான் கேட்டிருக்கிறோம், கடல் கோபித்துக்கொண்டு போன கதையை நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை ராமநாதபுரத்தில் காலேஜ் படித்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கியது. வளைகுடாவுக்கும் கூடவே போயிருக்கிறது. அங்கே ஓர் அறையில் எட்டு ஆண்கள், ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கட்டில்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டபின் இவர் உரக்க வாசிப்பாராம், மற்றவர்கள் படுத்தபடி கேட்பார்களாம். இவர் டியூட்டிக்குப் போனால் வேறொருவர் எடுத்துப் படிப்பாராம். பருப்புக் குழம்பு சிந்தி, ஏசித் தண்ணீர் சொட்டி, எட்டுப் பேர் கைபட்டு அது அந்தக் கதிக்கு வந்திருக்கிறது.

இதைக் கேட்ட லாத்தா, "கடலத் தேடுற புத்தகத்த நான் கடல்லயே போட்டுட்டேனே" என்று இரண்டாவது தடவை அழுதாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நான் சும்மா இருப்பவள் அல்ல. அதே புத்தகத்தைப் புதுசாக வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். வாங்குவதும் சும்மா வாங்கக்கூடாது. எட்டு ஆம்பிளைகள் சேர்ந்து பிடித்து இழுத்தாலும் ஒரு தாள் கழலாத புத்தகமாக இருக்கவேண்டும். "போன்ல தட்டுனா வீட்டுக்கே வந்துரும்மா" என்றாள் மகள். தட்டினாள், வந்தது. மெல்லிய அட்டை, மேலே பளபளவென்று ஒரு கழுதை. நான் அதை நடுவில் பிரித்து, குப்புறக் கவிழ்த்து, முதுகில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். சடக்கென்று சத்தம் கேட்டது. பசையோடு சேர்ந்து ஒரு கொத்துத் தாள் என் மடியில் விழுந்தது.

"அப்படி அமுக்குனா எந்தப் புத்தகந்தான் தாங்கும்?" என்று மகள் கத்தினாள்.

"அந்த ரூம்ல இத மயிலிறகு வச்சா தடவுவாங்க? இப்புடித்தான் அமுக்குவாங்க. திருப்பி அனுப்பு."

கிழிந்துபோனதைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். அது இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது.

அந்த வாரம் ராமநாதபுரத்தில் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையும் மகளும் அக்காள்மடத்தில் ஒரு தோழி வீட்டு விருந்துக்குப் போன நாளாகப் பார்த்து நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். பாவத்தைக் கழுவ வேண்டுமென்று லாத்தாவும் கூட வந்தாள். கூடாரத்துக்குள் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடல் எழுந்து போகிற கதை, கழுதை பேசுகிற கதை என்று நான் அடையாளம் சொல்லச் சொல்ல, ஒரு கடையில் பெரிய பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். பெட்டிக்குள் பட்டு ரிப்பன். புத்தகத்தின் ஓரமெல்லாம் தங்க நிறம். பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். என் வீட்டுக்காரர் அங்கேயே மயங்கிவிட்டார்.

"மாப்பிள்ளைக்குக் குடுக்குறது பாக்க லெட்சணமா இருக்கணும்ல?" என்றார்.

"பாக்க லெட்சணமா இருக்கேன்னு நம்பித்தான் உங்களையும் கட்டுனேன்" என்றேன். கடைக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நான் தாளைத் தடவிப் பார்த்தேன். வழவழப்பான தாள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் இருந்தால் வழவழப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் ஒரு பக்கம், தோல் ஒரு பக்கமாக உரிந்து வரும். பிள்ளைகளின் அட்லஸ்களில் பாதி உலகத்தை நான் அப்படித்தான் இழந்திருக்கிறேன். வளைகுடாவுக்குப் போனால் அங்கே ஏசி ஈரம். வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

லாத்தா அதற்குள் கடைக்காரரிடம், "ஏங்க, இது தண்ணியில போட்டா எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

"எதுக்கும்மா தண்ணியில போடணும்?" என்றார் அவர், நிஜமாகவே பயந்துபோய்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உழைக்கவேண்டும், பலபேர் கைக்குப் போகிற புத்தகம் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். நூலகங்களுக்கென்று போட்ட கெட்டி அட்டைப் பதிப்பு ஒன்று உண்டு, பசை வைத்து ஒட்டியதல்ல, நூல் போட்டுத் தைத்தது, மேலே காலிகோ துணி ஒட்டியது, பதிப்பகத்துக் கிடங்கில் ஒரு பிரதி கிடக்கிறதாம், அட்டையில் லேசாகக் கறை இருக்கிறதாம், பரவாயில்லையா என்று கேட்டார். படம் உண்டா என்று கேட்டார் என் வீட்டுக்காரர். இல்லை. கழுதையாவது அட்டையில் உண்டா? அதுவும் இல்லை. "நல்லாத் தேடிப்புடிச்ச. தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்டரத்தான் மாப்பிள்ளைக்குக் குடுக்கப்போற" என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பார்சல் வந்தது. உண்மையாகவே ரிஜிஸ்டர் போலத்தான் இருந்தது. மங்கிய பாக்கு நிறம், ஓரத்தில் தேநீர் பட்டது மாதிரி ஒரு கறை. ஆனால் பிரித்து மேசையில் வைத்தால் மூடிக்கொள்ளாமல் அப்படியே விரிந்து கிடந்தது. நடுவில் பார்த்தால் வெள்ளை நூல், பாவாடை நாடா மடிப்பைத் தைத்ததுபோல அழுத்தமான தையல். நான் அழுத்தினேன், வளைத்தேன், ஒரு தாளைப் பிடித்துப் புத்தகத்தையே தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பொருளை இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்களே என்று சந்தோஷம்.

லாத்தா பீரோவிலிருந்து நல்ல வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "தூசி படாம இதுல கட்டிக் குடுப்போமா?"

"இன்னொரு தடவ வெள்ளத் துணிய எடுத்தே, புத்தகத்துக்குப் பதிலா உன்னத்தான் கடல்ல எறக்குவேன்" என்றேன்.

கொடுப்பதற்கு முன் பக்கங்கள் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சில புத்தகங்களில் நடுவே ஒரு கட்டு தலைகீழாக இருக்கும். அப்படிப் புரட்ட ஆரம்பித்தவள்தான், கழுதை பேச ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கழுதை அசல் என் லாத்தா. தப்பான வழியைக் காட்டிவிட்டு, நல்லது நினைத்துத்தான் காட்டினேன் என்று அழுகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பாதிக்கு வருவதற்குள் மாப்பிள்ளை விருந்திலிருந்து வந்துவிட்டதால் மனசில்லாமல் மூடினேன்.

கதவு நிலையோரம் நின்றுதான் நீட்டினேன். என் உம்மா காலத்தில் மாமியார் மாப்பிள்ளை முன்னால் வரவே மாட்டார், பேச்செல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்துதான். நான் நிலைவரைக்கும் முன்னேறியிருக்கிறேன். "உங்க புத்தகம். கடல் திருப்பிக் குடுத்துருச்சு" என்றேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். தையலை விரலால் தடவிப் பார்த்தார். "எதுக்கு இம்புட்டுச் சிரமம்? ரொம்ப சந்தோஷம்" என்றார். மேடையில் பொன்னாடை வாங்குகிறவர் சொல்வதுபோல இருந்தது. புத்தகத்தைக் கட்டில் தலைமாட்டில் வைத்தார். அதோடு சரி.

அதற்கப்புறம் அவர் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. விருந்து விருந்தென்று தங்கச்சிமடம், தொண்டி என்று இரண்டுபேரும் போய்க்கொண்டிருந்தார்கள். அறையைப் பெருக்கும் சாக்கில் நான் போய்ப் பார்ப்பேன். வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். கடலில் போனது போனதுதான், அதற்கு ஈடாக நான் யானை விலை குதிரை விலை கொடுத்து வாங்கினாலும் அது வேறு புத்தகம்தான் என்று புரிந்துபோயிற்று. அவர் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டது எனக்காக, அந்த நல்ல பிள்ளைத்தனம்தான் என்னைக் கொன்றது. ஒரு நாள் மகளிடம், "புடிக்கலையாமா?" என்று கேட்டேன். "தெரியலம்மா. கேட்டா, நல்லா இருக்குன்னுதான் சொல்றாக" என்றாள். அவள் குரலில் என் பழைய குரல் கேட்டது. அது தாங்கவில்லை எனக்கு.

ஆனால் ஒன்று. அவர் படிக்காவிட்டால் என்ன, புத்தகம் சும்மாதானே கிடக்கிறது என்று, அவர்கள் வெளியே போகிற மத்தியான வேளைகளில் நான் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து மீதியைப் படிக்க ஆரம்பித்தேன். கடல் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் மூடி வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

புறப்படுகிற நாள் வந்தது. கூடம் முழுக்கச் சாமான். இடியாப்ப மாவு, மீன் ஊறுகாய், தொதல் அல்வா, அவருக்கென்று வறுத்த மசாலாப் பொடி. எடை மிஷினில் பெட்டியை ஏற்றி ஏற்றி இறக்கினோம். புத்தகம் நல்ல கனம். அதற்கு இடம் வேண்டுமென்று ஊறுகாய்ப் பாட்டிலை நானே வெளியே எடுத்து வைத்துவிட்டு, துணிகளுக்கு நடுவே புத்தகத்தை வைத்தேன். அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஊறுகாய்ப் பாட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. புத்தகத்தைக் காணோம். மகளைப் பார்த்தேன். அவள் அறைப்பக்கம் கண்ணைக் காட்டினாள். அவர்தான் எடுத்திருக்கிறார்.

நான் அடுப்படிக்கே திரும்பிப் போனேன். தோற்றுப்போய்விட்டேன் என்று நினைத்தேன். என் மகள் இனி வருஷா வருஷம் புதுத் துண்டு எடுத்து வைக்கட்டும், அவர் "பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டு வந்து போகட்டும் என்று மனது விட்டுப்போயிற்று.

அப்போதுதான் அறையிலிருந்து ஒரு சத்தம். "மாமீ!"

அந்தப் பிள்ளை தொண்டையில் அப்படி ஒரு குரல் உண்டு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நான் ஈரக் கையோடு ஓடினேன். இந்தத் தடவை நிலையில் நிற்க ஞாபகம் வரவில்லை, நேராக அறைக்குள்ளேயே போய்விட்டேன். மாப்பிள்ளை புத்தகத்தை விரித்துக் கையில் பிடித்திருந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"யாரு இது, இப்புடிப் பக்கத்துக்குப் பக்கம் காத மடிச்சு வச்சிருக்கிறது? இங்கன பாருங்க. இங்கன ஒண்ணு. இந்தா, இங்கன ஒண்ணு. தையல் எம்புட்டுக் கெட்டியா இருந்தா என்ன, மூலைய மடிச்சா தாளு ஒடிஞ்சு போகாதா? ஒரு துண்டுப் பேப்பரு கெடைக்கலையா இந்த வீட்டுல?"

ஒவ்வொரு மத்தியானமும் படித்து நிறுத்திய இடத்தில் அடையாளத்துக்காக நான் மடித்த மூலைகள். வரிசையாக இருந்தன.

என் முகத்தைப் பார்த்ததும் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று குரல் இறங்கியது. "நீங்களா... மன்னிச்சுக்கங்க மாமி. நான் தெரியாம... பரவாயில்ல, அது பரவாயில்ல."

"இன்னொரு தடவ பரவாயில்லைன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன். "திட்டுங்க. நல்லா நாலு வார்த்த திட்டுங்க."

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு மூலையை நகத்தால் நீவி நிமிர்த்தியபடி, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் இத அங்க கொண்டுபோகல, மாமி. அங்க என்கிட்ட இருக்குறதெல்லாம் என்னைக்காவது ஒருநா பொட்டி கட்டவேண்டிய சாமான். இந்த ரூம்ல எல்லாம் நீங்க வாங்கி வச்சது. இதையும் நீங்கதான் வாங்குனீங்க, ஆனா இது ஒண்ணுதான் என்னோடது. இது வீட்டுல இருக்கட்டும். லீவுக்கு வந்து வாசிக்கலாம்னுதான் தொடாம வச்சிருந்தேன்." மறுபடியும் முகத்தை இறுக்கிக்கொண்டார். "நீங்க படிங்க, வேணாங்கல. ஆனா நான் வாரப்ப ஒரு பக்கம் மடிஞ்சிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரிங்க மாப்பிள்ள" என்றேன்.

அடுப்படிக்கு வந்தபோது லாத்தா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "என்ன புள்ள சத்தம்? என்ன ஆச்சு? ஏன் அழுகுற?"

"மாப்பிள்ள என்னத் திட்டிட்டாரு, லாத்தா."

லாத்தா கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.